புளியமர முக்கில் நிற்கும் சத்தம்

12-2-1972, சனி

கேஸ் வெல்டிங் கார்பைடு டிரம்மில் கசிவு. காலையிலிருந்து பட்டறை முழுக்க அந்த நாற்றம்தான். சோப்பு நுரை தடவி இடத்தைக் கண்டுபிடித்து, வாஷரை மாற்றி, சாப்பாட்டு நேரத்துக்குள் சரி செய்தேன். அப்புறம் ஒரு டிராக்டர் சைலன்சர், பள்ளிக்கூடத்து இரும்புக் கேட். வேறு வேலை இல்லை.

சாயங்காலம் ஆசைத்தம்பி ஒரு சேதியோடு வந்தான். சித்தப்பா மகன் என்றாலும் எனக்குக் கூடப்பிறந்தவன் மாதிரி. பட்டறையில் எஞ்சின் அவன் பாகம், நெருப்பு என் பாகம். குன்றக்குடிச் சாலையில் புளியமர முக்குக்கு உள்ளே தள்ளி ஒரு தோப்பு வீடு இருக்கிறது. அந்த வீட்டுப் பொன்னுத்தாயி அம்மா ஆள் அனுப்பியிருக்கிறார்களாம். அவர்களுடைய ஒரே மகன் குழந்தைவேலு, முந்தின வருஷம் அதே முக்கில் புல்லட்டோடு மரத்தில் மோதிச் செத்துப்போனவன். அந்த வண்டியை மறுபடி ஓட வைக்க வேண்டுமாம்.

"விக்கப் போறாகளா?" என்றேன்.

"இல்லண்ணே. ஓட்டவும் ஆள் இல்ல. ஸ்டார்ட் ஆனாப் போதுமாம்."

15-2-1972, செவ்வாய்

தோப்பு வீட்டுக்குப் போய் வந்தோம். வண்டியை முன்கூடத்தில், நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில், வேட்டி போர்த்தி வைத்திருக்கிறார்கள். முன்சக்கரத்தையும் ஃபோர்க்கையும் மதுரையில் கொடுத்து ஏற்கெனவே மாற்றியாயிற்று. எஞ்சின் இறுகிப் போயிருக்கிறது, உடையவில்லை என்றான் ஆசைத்தம்பி. இல்லாதது புகைக் குழாய்தான். எஞ்சின் தலையிலிருந்து பின்சக்கரம் வரை ஒன்றுமே இல்லை. மோதியதில் பிய்ந்து விழுந்ததைப் பழைய இரும்புக்காரன் எவனோ எடுத்துப் போய்விட்டான்.

கம்பெனிக் குழாய் மதுரையில் கிடைக்கும், வாங்கிப் போட்டுவிடலாம் என்றேன். பொன்னுத்தாயி அம்மா தலையை ஆட்டினார்கள். முழங்கால் இரண்டும் வீங்கி, சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார்கள். கிணற்றடிக்குப் போகவே மருமகள் கை கொடுக்க வேண்டியிருக்கிறது.

"அது அவன் மெட்ராசுல சொல்லி வளச்ச குழா, ஆசாரியாரே. கடையில விக்கிற குழா சத்தம் வேற. அவன் குன்றக்குடிய விட்டுக் கெளம்புறப்பவே எனக்குக் கேட்டுரும். சோத்துக்கு ஒலைய வச்சிருவேன். எனக்கு அந்தச் சத்தம் வேணும்."

"குழாய் எப்படி இருந்துச்சுன்னு போட்டோ ஏதும் இருக்கா?"

"போட்டோ எதுக்கு. எனக்குக் காது இருக்குல்ல."

மருமகள் அன்னக்கிளி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கலாம். வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் தாராளமாக வழி இருந்தும், அந்தப் பிள்ளை மூட்டைகளைச் சுற்றிக்கொண்டுதான் போனாள்.

சத்தத்தை வைத்துக் குழாய் செய்வது. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து பொன்பட்டறையை மூடி, இரும்புக்கு வந்த பிறகு இப்படி ஒரு வேலை என் கைக்கு வந்ததில்லை. வரும் வழியெல்லாம் அதே நினைப்பு.

18-2-1972, வெள்ளி

திருச்சியிலிருந்து குழாய் வந்துவிட்டது. ஒன்றரை அங்குலம், தையல் இல்லாதது, சுவர் நல்ல கனம்.

மணலைச் சலித்து இரும்புச் சட்டியில் வறுத்தேன். குழாய்க்குள் நிரப்பி, தட்டித் தட்டி இறுக்கி, இரண்டு வாயிலும் வேப்பங்கட்டை அடித்தேன். மணல் இல்லாமல் வளைத்தால் குழாய் சப்பிப் போகும்; மணல் தளர்வாக இருந்தால் உள்வளைவில் சுருக்கம் விழும். வளைய வேண்டிய இடத்தை மட்டும் செக்கச்செவேலென்று காய்ச்சி, லாரிச் சக்கர டிரம்மைச் சுற்றி இழுத்தோம். நான் நெருப்பு, ஆசைத்தம்பி இழுவை.

சுருக்கம் விழுந்தது. யானைத் துதிக்கை மாதிரி. தூக்கிப் போட்டேன். நாளை பார்ப்போம்.

21-2-1972, திங்கள்

இன்று நன்றாக வந்தது. உள்ளே ஒரு மடிப்பில்லை, வெளியே ஒரு சப்பல் இல்லை. வண்டியில் வைத்து வளைத்துக்கொண்டு வந்த கம்பி அச்சோடு சேர்த்துப் பார்த்தேன். ஒட்டி நின்றது. என் வீட்டுக்காரி சரஸ்வதி மோர் கொண்டுவந்தவள், "இரும்பத் தடவிக்கிட்டே நிக்கிறீக, பொன்னு மாதிரி," என்றாள்.

22-2-1972, செவ்வாய்

காலையில் அச்சோடு வைத்தால், குழாயின் பின்பாதி வெளிப்பக்கமாக விலகி நிற்கிறது.

ஆறும்போது இரும்பு கொஞ்சம் திரும்பும். அது தெரிந்ததுதான். ஆனால் அப்படித் திரும்பினால் வளைவு விரியும், பக்கவாட்டில் போகாது. நேற்றே இப்படி இருந்து நான் கவனிக்காமல் விட்டேனா? இல்லை. நேற்று ஒட்டி நின்றது. என் கண்ணால் பார்த்தேன்.

மறுபடி காய்ச்சி நேராக்கினேன்.

23-2-1972, புதன்

மறுபடி விலகியிருக்கிறது. அதே இடம், அதே அளவு.

24-2-1972, வியாழன்

புதிதாக இன்னொரு குழாய் எடுத்து வளைக்க உட்கார்ந்தோம். காய்ச்சிக்கொண்டிருக்கும்போதே வேப்பங்கட்டை துப்பாக்கிக் குண்டு மாதிரி பிய்த்துக்கொண்டு, என் காதை ஒட்டிப் போய்க் கூரைத் தகரத்தைத் துளைத்தது. மணலில் ஈரம் இருந்தால் ஆவியாகி இப்படி வெடிக்கும். ஆனால் மணலை நானே வறுத்தேன். கையில் அள்ளினால் மாவாக உதிர்ந்தது. குழாயிலிருந்து கொட்டிப் பார்த்தால், நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் மணல் கறுத்து, ஈரமாக, கட்டியாக விழுந்தது. ஆசைத்தம்பி முகர்ந்து பார்த்துவிட்டுக் கையை உடனே வேட்டியில் துடைத்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லண்ணே. அந்தப் பழைய குழாயவே வச்சுக்குவோம். வெலகுனா வெலகட்டும்."

என்ன வாடை என்று கடைசிவரை அவன் சொல்லவில்லை. நானும் குனிந்து பார்க்கவில்லை.

26-2-1972, சனி

விலகின குழாயையே கொண்டுபோய் மாட்டினோம். வண்டியின் இடுப்பை விட்டு ஒதுங்கி நிற்கிறதே தவிர, போல்ட் எல்லாம் பொருந்துகிறது. ஆசைத்தம்பி எஞ்சினை ஏற்கெனவே முடித்துவிட்டான். உதைத்ததும் பிடித்துக்கொண்டது. எனக்குச் சந்தோஷம். பொன்னுத்தாயி அம்மா கண்ணை மூடிக் கேட்டார்கள். பிறகு கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்கள்.

"இது இல்ல. அவன் சத்தம் இன்னும் கொஞ்சம் அடியில இருக்கும். கடைசியில ஒரு இழுப்பு இருக்கும்."

"அம்மா, வருஷம் ஒண்ணு ஆகப் போகுது. ஞாபகம் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்."

"ஞாபகமா?" என்று என்னைப் பார்த்தார்கள். "நேத்து வெளக்கு வச்ச நேரம் கேட்டேன் ஆசாரியாரே. தெனமும்தான் வர்றான். குன்றக்குடிப் பக்கமிருந்து வந்து, புளியமர முக்குல நின்னுபோறான். அங்கிட்டிருந்து இங்குட்டு வரமாட்டேங்குறான்."

ஆசைத்தம்பி குழாயைக் கழற்றி எடுத்து, சாமான்களைப் பைக்குள் போட ஆரம்பித்துவிட்டான்.

27-2-1972, ஞாயிறு

பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் என்னென்னமோ கேட்பார்கள். எனக்குச் சாமியிலும் நம்பிக்கை இல்லை, பேயிலும் இல்லை, ஊருக்கே தெரியும். சாலையில் எத்தனை புல்லட் போகிறது.

4-3-1972, சனி

எழுதிவிட்டால் தெளியும் என்று எழுதுகிறேன்.

இன்று குன்றக்குடியில் ஒரு கிரில் அளவெடுக்கப் போயிருந்தேன். திரும்பும்போது பொழுது இறங்கிவிட்டது. புளியமர முக்குக்கு வந்ததும் சைக்கிள் செயின் கழன்றது. இறங்கி மாட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால், குன்றக்குடிப் பக்கமிருந்து ஒரு புல்லட் வருகிற சத்தம். ஒதுங்கி நின்றேன். வெளிச்சம் வரவில்லை. லைட் இல்லாமல் ஓட்டுகிறான் போல என்று நினைத்தேன். சத்தம் கிட்டே வந்தது. இன்னும் கிட்டே வந்தது. மரத்துக்கு நேரே வந்து நின்றுவிட்டது. எஞ்சினை அணைத்த மாதிரி இல்லை. பேசிக்கொண்டிருந்தவன் வாயைப் பொத்திய மாதிரி.

சாலை காலியாக இருந்தது. சாலை முழுக்கக் காலி. இன்னும் அவ்வளவு இருட்டக்கூட இல்லை, எதிரே வரப்பில் போகிற ஆடு தெரிகிறது. ஆடு நின்று மரத்தையே பார்த்தது.

பயந்தேன். பயப்படவில்லை என்று எனக்கே எப்படி எழுதுவேன்? ஆனால் பயத்துக்கு நடுவில் இன்னொன்றும் நடந்தது. அதை நினைத்தால்தான் இப்போது என்னவோ போலிருக்கிறது. அந்தச் சத்தத்தை நான் தொழில்காரன் காதோடு கேட்டேன். அடியில் ஒரு கனம் — குழாய் இன்னும் ஒரு முழம் நீளம். கடைசியில் ஒரு இழுப்பு — வாயைக் கொஞ்சம் ஒடுக்கியிருக்கிறான். என் குழாயில் எது குறை என்று அங்கேயே, செயின் கறை பட்ட கையோடு நிற்கும்போதே, விளங்கிவிட்டது.

5-3-1972, ஞாயிறு

லீவு நாளிலும் பட்டறைக்குப் போய்க் குழாயை நீட்டினேன். வாயைக் கூம்பு வைத்து ஒடுக்கினேன். சரஸ்வதி கேட்டதற்கு அவசர வேலை என்றேன்.

9-3-1972, வியாழன்

அன்னக்கிளி பட்டறைக்கு வந்தாள். மாமியார் முழங்காலுக்குத் தைலம் வாங்கப் பஸ்ஸில் வந்தாளாம். உள்ளே வந்தவள் சுவரில் மாட்டியிருந்த குழாயைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"அண்ணே, இதுக்கு யாரு அளவு குடுத்தா?"

"யாரும் குடுக்கலம்மா. நேராத்தான் வளச்சேன். அதுவா வெலகிக்குது."

ஸ்டூலில் உட்கார்ந்து, புடவைக் கரையைச் சற்று தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினாள். கறுத்த தழும்பு, உள்ளங்கை அகலம்.

"கல்யாணமான புதுசுல குழா சுட்டுருச்சு. அதுக்கப்பறம்தான் அவுக மெட்ராசுக்குக் கொண்டுபோயி, எங்கால் படாம இந்த எடத்த வெளிய தள்ளி வளச்சுட்டு வந்தாக. இதே மாதிரி. இம்மி பெசகாம."

அவளே பேசினாள். மெதுவாக, வேறு யாருடைய கதையையோ சொல்வது போல. விபத்து நடந்த அன்றைக்கு இரண்டு பேரும் குன்றக்குடிக்குப் போயிருக்கிறார்கள். மலையடிவாரத்தில் அவளுடைய அம்மாவைப் பார்த்ததும், சாயங்காலப் பூசை பார்த்துவிட்டுப் பஸ்ஸில் வருகிறேன் என்று இவள் இறங்கிக்கொண்டாள். அவன் தனியாகக் கிளம்பினான். முக்கு வரைக்கும்தான் வந்தான்.

"அத்தை ஒரு நாளும் என்னய ஏசுனதில்லண்ணே. சோறு போட்டு, தலை சீவிவிட்டு, நல்லாத்தான் வச்சிருக்காக. ஆனா பின்னாடி சீட்டு காலியா வருதேன்னு சொல்லிச் சொல்லி அழுவாக. வண்டி முக்குல நிக்கிறது என்னயத் தேடித்தானாம். குழா இல்லாம வீட்டுக்கு வர வழி தெரியலையாம். சரியான சத்தம் இங்க கேட்டா, அதப் புடிச்சுக்கிட்டு வாசலுக்கு வந்துருவாகளாம்."

"வந்தா?"

"என்னய ஏத்தி அனுப்பணுமாம்."

தேவகோட்டையில் அவள் அப்பா இருக்கிறாரே, அங்கே போய்விட வேண்டியதுதானே என்றேன். அப்பா இரண்டு தடவை வந்து கூப்பிட்டாராம். "அவன் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்" என்று மாமியார் அழுதாராம். அப்பா தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

"நீயும் கேட்டிருக்கியா, அந்தச் சத்தத்த?"

"மொதல்ல கேக்கல. அவுக சொல்லச் சொல்லக் கேக்க ஆரம்பிச்சது. இப்பல்லாம் வெளக்கு வைக்கிற நேரம் வந்தா காலு தானா வாசலுக்குப் போகுது." எழுந்து நின்றாள். "சரியா செஞ்சிராதீகண்ணே. எங்கயாச்சும் ஒரு தப்பு வச்சிருங்க. உங்க கையிலதான இருக்கு."

சரி என்றேன். தைலப் பாட்டிலை மறந்துவிட்டுப் போய்விட்டாள். ஆசைத்தம்பி பஸ் வரைக்கும் ஓடிப் போய்க் கொடுத்தான்.

13-3-1972, திங்கள்

தப்பு வைப்பது லேசு. வாய்க் கூம்பை வெட்டி எடுத்தால் போதும்.

இன்னும் வெட்டவில்லை.

16-3-1972, வியாழன்

பட்டறையில் வேறொரு புல்லட்டில் மாட்டிப் பார்த்தேன். சும்மா, சோதிக்கத்தான். உதைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதே சத்தம். முக்கில் கேட்டது எதுவோ அதுவே. என் கையால் வந்திருக்கிறது. பக்கத்துக் கடைப் பெத்தன் தன் கடைக்குள்ளிருந்தே, "என்ன காளிதாசு, குழந்தைவேலு வண்டி ரெடியா?" என்றார். வண்டியைப் பார்க்காமலே சொன்னார்.

இதைப் போய் எப்படி வெட்டுவேன்?

அந்த அம்மா கேட்கட்டும், மனசு ஆறட்டும். அவ்வளவுதான் நடக்கும். வேறென்ன நடந்துவிடப் போகிறது? ஒரு குழாய். மணல், நெருப்பு, இரும்பு.

18-3-1972, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில்தான் மாட்ட வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். போனோம். வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. பொன்னுத்தாயி அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அன்னக்கிளி உள்ளேயிருந்து வந்தாள். பட்டுப் புடவை. தலை நிறையப் பூ. நெற்றியில் குங்குமம். தாலியறுத்த பிள்ளைக்கு.

அப்பவே நான் திரும்பியிருக்கணும். திரும்பல. குழாய மாட்டிட்டேன். ஆசைத்தம்பி என்னையே பார்த்தான், நான் உதைன்னு சொன்னேன்.

சத்தம் கூடத்தில் நிறைந்தது. பொன்னுத்தாயி அம்மாவின் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு முகத்தை அவர்களிடம் நான் பார்த்ததில்லை. "இதுதான்," என்றார்கள். "இதுதான் ஆசாரியாரே. நல்லா இருப்பீக."

ஆசைத்தம்பி முறுக்கி விட்டான், தணித்தான், முறுக்கினான். பிறகு நான் சொல்லி அணைத்தான்.

சத்தம் நிற்கவில்லை.

எஞ்சின் நின்றுவிட்டது. கையை வைத்துப் பார்த்தேன், ஆட்டமில்லை. ஆனால் அதே சத்தம் வெளியே கேட்டது. முக்கிலிருந்து. எப்போதும் நிற்கிற இடத்தில் நிற்காமல், சாலையை விட்டு இறங்கி, வண்டிப்பாதையில் திரும்பி, தோப்புக்குள் வந்தது. சரளைக்கல் டயருக்கடியில் நெரிபடுவது கேட்டது. கோழிகள் சிதறி ஓடின. வாசலுக்கு வந்து, கோலத்துக்கு முன்னால், மெதுவாக ஓடிக்கொண்டே நின்றது. கதவு விரியத் திறந்துதான் இருந்தது. எல்லோரும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே ஒன்றுமில்லை. கோலத்துப் பொடி மட்டும், குழாய்க் காற்று பட்டாற்போல ஒரு பக்கமாகப் பறந்தது.

"வந்துட்டான் பாரு," என்றார்கள் பொன்னுத்தாயி அம்மா. அவ்வளவு பிரியமான குரல். "போ ஆத்தா. காத்துக்கிட்டு நிக்கிறான்ல."

அன்னக்கிளி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். கண் திறந்துதான் இருந்தது. என்னைத் தாண்டிப் போனபோது என்னைப் பார்த்த மாதிரித் தெரியவில்லை.

கையைப் பிடித்துவிட்டேன். அடுத்தவர் வீட்டுப் பெண்பிள்ளையின் கையை. ஐஸ் மாதிரி இருந்தது. இழுத்தாள் — அவ்வளவு பலம் அந்த உடம்பில் எங்கேயிருந்து வந்தது? ஆசைத்தம்பியும் வந்து பிடித்தான். யாருமில்லாத வாசலைப் பார்த்து நான் பேசினேன். நான்தான் பேசினேன்.

"தம்பி, இந்தப் பிள்ள வராது. இதுக்கு வயசு இருக்கு. நீ போ."

கொஞ்ச நேரம் அது ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு திரும்புகிற சத்தம். சரளை. சாலை. குன்றக்குடிப் பக்கமாகத் தேய்ந்து போயிற்று.

அன்னக்கிளி தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பொன்னுத்தாயி அம்மா எங்களைத் திட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. "இன்னைக்கு வாசல் வரைக்கும் வந்துட்டான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்கள். "நாளைக்கும் வருவான்."

பின்வாசல் வழியாக அன்னக்கிளியைக் கூட்டிக்கொண்டு வந்து சரஸ்வதியிடம் விட்டிருக்கிறோம்.

19-3-1972, ஞாயிறு

காலை முதல் பஸ்ஸில் தேவகோட்டைக்குக் கொண்டுபோய் அவள் அப்பா முத்துராமலிங்கத்திடம் ஒப்படைத்தோம். நடந்ததைச் சொன்னேன். நம்பினாரா தெரியாது. மகள் தலையில் வாடிக் கிடந்த பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டார்.

"ரெண்டு தடவ வந்தும் வெறுங்கையோட திரும்புனேன் பாருங்க," என்றார். "இனி அனுப்ப மாட்டேன்."

21-3-1972, செவ்வாய்

குழாயைக் கழற்றிவிடலாம் என்று தனியாகப் போனேன். பொன்னுத்தாயி அம்மா வண்டிக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இனிமே அதத் தொடாதீக," என்றார்கள். கோபமில்லை. "செஞ்சு குடுத்தீக, சரி. இனி உங்க வேலையில்ல."

பெட்ரோலை மட்டும் வடித்துவிட்டு வந்தேன். அதை அவர்கள் தடுக்கவில்லை. அது எதற்கு என்பது போலப் பார்த்தார்கள். படியிறங்கும்போது பின்னாலிருந்து சொன்னார்கள்:

"அவ போனது போகட்டும். சின்னப் பிள்ள. அவனுக்குத்தான் பின்னாடி ஆளில்லாமப் போச்சு."

பங்குனி உத்திரம் நெருங்குகிறது. சாலை முழுக்கக் காவடி. அத்தனை கூட்டத்துக்கு நடுவில் சைக்கிளை மிதிக்கும்போதும் முதுகு சில்லென்று இருந்தது.

2-4-1972, ஞாயிறு

பொன்னுத்தாயி அம்மாவின் தம்பி வீரையா வந்து அக்காவைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாராம். வரமாட்டேன் என்றுவிட்டார்களாம். சமையலுக்கு வருகிற அழகி சொன்னாள்: சாயங்காலமானால் நல்ல புடவை உடுத்தி வாசலில் உட்கார்ந்துகொள்கிறார்களாம்.

எனக்கு இதில் என்ன செய்ய முடியும்? அந்தப் பிள்ளையைக் காப்பாற்றினேன். காப்பாற்ற வேண்டிய இடத்துக்குக் கொண்டு வந்ததும் நான்தானே.

9-4-1972, ஞாயிறு

பொன்னுத்தாயி அம்மா இறந்துவிட்டார்கள்.

வீட்டில் இல்லை. குன்றக்குடி மலையடிவாரத்தில், மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடி இருந்திருக்கிறார்கள். காலையில் பூக்கட்டுகிறவர்கள் பார்த்து எழுப்பியிருக்கிறார்கள். கிணற்றடிக்குப் போக முடியாதவர்கள். எந்தப் பஸ்காரனும் ஏற்றவில்லை, எந்த மாட்டு வண்டியும் ஏற்றவில்லை. வீரையா எல்லோரையும் கேட்டுவிட்டார்.

சடங்குக்குப் போனேன். வீரையா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பெரிய மனுஷர், நிதானமானவர்.

"உள்ளங்கால்ல தூசி இல்ல ஆசாரி. முடி மட்டும் கலஞ்சு பின்னாடி பறந்து கெடந்துச்சு, காத்துல போன மாதிரி. மொகத்தப் பாத்தீகளா?"

பார்த்தேன். குழாய்ச் சத்தத்தைக் கேட்டபோது இருந்த அதே முகம்.

23-4-1972, ஞாயிறு

வீரையா வண்டியைப் பட்டறைக்கே அனுப்பிவிட்டார். விற்க வேண்டாம், முழுசாக யாரிடமும் போக வேண்டாம், வெட்டிப் போடுங்கள் என்றார்.

ஆசைத்தம்பி எஞ்சினைத் தொடமாட்டேன் என்றான். நானே வெட்டினேன். சட்டம், டாங்க், சக்கரம். கடைசியாகக் குழாய். நான் செய்ததிலேயே நல்ல வேலை அது. விரல் நீளத் துண்டுகளாக வெட்டினேன். ஒரு துண்டு கூட வளைவு தெரிகிற மாதிரி மிச்சம் வைக்கவில்லை.

3-6-1972, சனி

அன்னக்கிளியும் அவள் அப்பாவும் காரைக்குடிக்குத் தையல் மெஷின் வாங்க வந்தவர்கள் பட்டறைக்கும் வந்தார்கள். முகத்தில் சதை பிடித்திருக்கிறது. தையல் வகுப்புக்குப் போகிறாளாம். ரவிக்கை வெட்டக் கற்றுக்கொண்டாளாம். சரஸ்வதிக்கு ஒன்று தைத்துக் கொண்டுவந்திருந்தாள். கை கொஞ்சம் இறுக்கம். சரஸ்வதி சொல்லவில்லை.

கிளம்பும்போது நான் கேட்காமலே சொன்னாள்.

"இப்ப ஒண்ணும் கேக்குறதில்லண்ணே. சாயங்காலம்னா சாயங்காலம்தான்."

அவளிடம் மாமியார் எங்கே கிடந்தார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

20-6-1972, செவ்வாய்

பொழுதிறங்கக் கடையடைத்துக்கொண்டிருந்தோம். கதவுப் பலகைகளை ஆசைத்தம்பி எடுத்துக் கொடுக்க, நான் மாட்டிக்கொண்டிருந்தேன். குன்றக்குடிச் சாலைப் பக்கமிருந்து வந்தது. அந்தக் குழாயை எனக்குத் தெரியாதா? செய்தவன் நான், துண்டு துண்டாக வெட்டியவனும் நான்.

பட்டறை முன்னால் நிற்கவில்லை. முகத்தில் சூடான காற்று பட்டது. அவ்வளவுதான். கடந்து, மேட்டில் ஏறி, ஊருக்குள் போயிற்று.

ஒற்றை ஆள் போகிற வண்டி மேடேறும்போது எஞ்சின் ஒரு மாதிரிப் பேசும். பாரம் இருந்தால் வேறு மாதிரி, சற்று அமுங்கி. எனக்கு அது தெரியும். என்னைவிட ஆசைத்தம்பிக்கு நன்றாகத் தெரியும். பலகையைக் கையில் பிடித்தபடி, சத்தம் தேயும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றான்.

"ரெண்டு பேரு போறாகண்ணே," என்றான்.

கடைசிப் பலகையை வாங்கி மாட்டினேன்.